ஹிஸ்டோன் மாற்றங்களை நிறை நிறமாலைமானியில் அளப்பது: டர்பன் ஆய்வகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி மாத டர்பனில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரதமான ஹிஸ்டோனின் ஆய்வில் இறங்குகிறவருக்கு இது வெறும் வானிலைச் செய்தி அல்ல. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும், கோடிக்கணக்கில் விலையுள்ள ஆர்பிட்ராப் கருவி கடைசியில் என்ன எண்ணைக் காட்டும் என்பதை, ஒரு மாதிரிக்கு நாம் சேர்க்கும் ஒன்றேகால் மைக்ரோலிட்டர் புரோப்பியானிக் அன்ஹைட்ரைடுதான் பெருமளவு தீர்மானிக்கிறது. அந்த அன்ஹைட்ரைடுக்கு ஈரம் ஆகாது. அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிடக் குழாய்க்குள் நடக்கும் வேதியியலுக்குத்தான் அதிக இடம்.

டர்பனில் எச்ஐவி ஆராய்ச்சி ஆழ வேரூன்றியிருப்பதால் எடுத்துக்காட்டையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம். வோரினோஸ்டாட் என்னும் மருந்து ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகளைத் தடுக்கிறது. உறங்கிக் கிடக்கும் வைரஸை வெளியே இழுக்கும் முயற்சிகளில் சோதிக்கப்பட்ட மருந்து இது. மருந்து கொடுத்த வெள்ளணுக்களிலும் கொடுக்காதவற்றிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் நிற்கும் எந்த இடத்தில் எவ்வளவு அசிட்டைல் இருக்கிறது என்பதே நம் கேள்வி. வேறு செல்களை வைத்துச் செய்தாலும் படிகள் மாறா.

ட்ரிப்சின் மட்டும் ஏன் போதாது

புரதத்தை வெட்டும் நொதியான ட்ரிப்சின் லைசினுக்கும் அர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். ஹிஸ்டோனின் வால் பகுதியில் இந்த இரண்டும் நெருக்கமாக நிற்கின்றன. அப்படியே வெட்டவிட்டால் இரண்டு மூன்று அமினோ அமிலத் துணுக்குகள்தான் மிஞ்சும். அவை, துணுக்குகளைப் பிரித்தனுப்பும் சி18 தூணில் ஒட்டாமல் வழிந்து போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அசிட்டைல் ஏறிய லைசினில் ட்ரிப்சின் வெட்டாது, ஏறாத லைசினில் வெட்டும். ஆக, மாற்றம் உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு நீளத் துணுக்குகளாகிவிடும். அவற்றை ஒப்பிட முடியாது.

இதற்கு வழி, வெட்டுவதற்கு முன்பே லைசின்களை மூடிவிடுவது. புரோப்பியானிக் அன்ஹைட்ரைடு, மாற்றமில்லாத லைசினையும் ஒற்றை மெத்தில் லைசினையும் மூடும். இரட்டை மெத்தில், மும்மெத்தில், அசிட்டைல் லைசின்களை அது தொடாது. ட்ரிப்சினும் அங்கே வெட்டாது. இப்போது வெட்டு அர்ஜினினில் மட்டுமே விழும். எச்3 என்னும் ஹிஸ்டோன் வகையிலிருந்து (எண்கள் அமினோ அமிலங்களின் இடத்தைக் குறிக்கும்) 3–8, 9–17, 18–26, 27–40, 73–83 துணுக்குகளும், எச்4-இலிருந்து 4–17, 20–23 துணுக்குகளும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கிடைக்கும்.

செல்கள்: எத்தனை, எந்த நிலையில்

மனித செல் ஒன்றில் சுமார் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. ஹிஸ்டோனும் ஏறக்குறைய அதே எடை. ஆகவே 10 லட்சம் செல்களில் கணக்குப்படி 6 மைக்ரோகிராம். கைக்கு வருவது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரிக்கு 10 மைக்ரோகிராம் வேண்டும், ஜெல்லுக்குக் கொஞ்சம், மறுமுறைக்குக் கொஞ்சம். எனவே 1 கோடி செல்கள் இருந்தால் நிம்மதி. 50 லட்சத்திலும் முடியும், ஆனால் தவறினால் மறுவாய்ப்பு இருக்காது.

இரத்தத்தை எடுத்த அன்றே பிரித்துவிடுங்கள். ஒரு நாள் கிடந்த இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் வெள்ளணு அடுக்கில் கலந்துவிடும். அவற்றின் புரோட்டியேஸ்கள் (புரதம் வெட்டும் நொதிகள்) எச்3-இன் வாலைக் கத்தரித்துவிடும். ஜெல்லில் எச்3-க்குக் கீழே மெல்லிய கூடுதல் பட்டை தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொற்றுள்ள மாதிரி என்றால், அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு சரிபார்த்து ஒப்புதல் தந்த செயலிழப்பு முறையை முடித்த பிறகே சாதாரண ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

செல்களைக் குளிர்ந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80-இல் வைக்கலாம்.

உட்கருவைப் பிரித்தல், அமிலத்தில் எடுத்தல்

உட்கரு பஃபர் 500 மில்லிலிட்டருக்கு: 1 மோலார் ட்ரிஸ் (பிஎச் 7.5) 7.5 மில்லி, 5 மோலார் சோடியம் குளோரைடு 1.5 மில்லி, 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு 15 மில்லி, 1 மோலார் மெக்னீசியம் குளோரைடு 2.5 மில்லி, 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.5 மில்லி, சுக்ரோஸ் 42.8 கிராம், மீதிக்குத் தண்ணீர். வடிகட்டி 4 டிகிரியில் வைக்கவும். பயன்படுத்தும் அன்று மட்டும் 1 மில்லிமோலார் டிடிடி, 0.5 மில்லிமோலார் ஏஈபிஎஸ்எஃப் (புரோட்டியேஸ் தடுப்பான்), 10 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட் சேர்க்கவும். பியூட்டிரேட் அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கிறது. அதை மறந்தால், நீங்கள் பனிக்கட்டியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அசிட்டைல் கரைந்துகொண்டிருக்கும். பாஸ்பேட் ஏற்றத்தையும் அளக்க வேண்டுமானால் பாஸ்பட்டேஸ் தடுப்பான் ஒன்றும் தேவை.

சுழற்றியபின் அடியில் படியும் செல் வில்லையின் பருமனைப் போல் 10 மடங்கு பஃபரில் 0.2 சதவீதம் என்பி-40 டிட்டர்ஜென்ட் கலந்து, மெல்லக் கலக்கி, 5 நிமிடம் பனியில் வையுங்கள். ஒரு துளி எடுத்து ட்ரைபன் நீலத்தில் பாருங்கள். எல்லா உட்கருவும் நீலமாக இருந்தால் சவ்வு உடைந்துவிட்டது என்று பொருள். 600 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, என்பி-40 இல்லாத பஃபரில் இருமுறை கழுவவும். வில்லை ஜெல்லி போல இழுபட்டால் உட்கருவே வெடித்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. டிட்டர்ஜென்ட் கூடிவிட்டது அல்லது கலக்கியில் முரட்டுத்தனமாக ஆட்டிவிட்டீர்கள்.

குழாயின் அடியை விரலால் தட்டி வில்லையைத் தளர்த்திய பிறகே 0.2 மோலார் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கட்டியின் மேல் அமிலத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ஹிஸ்டோன் வெளியே வராது. பருமனில் 5 மடங்கு, குறைந்தது 200 மைக்ரோலிட்டர். 4 டிகிரியில் 2 மணி நேரம் சுழலவிட்டு, 3400 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் ஹிஸ்டோன் பெரிதாகக் கூடாது. மற்ற காரப் புரதங்கள்தான் கூடும்.

மேல்நீர் மூன்று பங்குக்கு 100 சதவீத ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. இரவு முழுக்க பனியில். காலையில் 16,000 ஜி-யில் 10 நிமிடம். இங்கேதான் புதியவர்கள் ஹிஸ்டோனைக் குப்பையில் ஊற்றுவார்கள்: அடியில் வெள்ளையாகத் தெரியும் உருண்டை பெரும்பாலும் வேறு புரதம், ஹிஸ்டோன் குழாயின் வெளிப்பக்கச் சுவரில் மங்கலான படலமாக ஒட்டியிருக்கும். சுழற்றும் முன்பே எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று பேனாவால் குறித்துவையுங்கள். 0.1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த குளிர் அசிட்டோனில் ஒருமுறை, வெறும் அசிட்டோனில் ஒருமுறை படலம் கலையாமல் கழுவி, 15 நிமிடம் காற்றில் உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் தண்ணீரில் சுவரை அலசிக் கரைக்கவும். கழுவலில் சோம்பினால் மிச்ச அமிலம் அடுத்த படியில் பிஎச்சைக் கீழே இழுக்கும்.

பிராட்ஃபோர்டு சோதனையில் புரத அளவை அளந்து, 15 சதவீத ஜெல்லில் 1 மைக்ரோகிராம் ஓட்டிப் பாருங்கள். 11 முதல் 17 கிலோடால்டனுக்குள் எச்4, எச்2ஏ, எச்2பி, எச்3 தெரிய வேண்டும். எச்1 சற்று மேலே, 30-ஐ ஒட்டி நிற்கும். உலர்ந்த படலமாகவோ மைனஸ் 80-இலோ வேலையை நிறுத்திவைக்கலாம். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போகலாம். அடுத்த படியை மட்டும் பாதியில் விடக்கூடாது.

புரோப்பியோனைலேற்றம்: எல்லாம் கெடுவது இங்கே

அன்ஹைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்தால் புரோப்பியானிக் அமிலமாகிவிடும். அமிலம் லைசினை மூடாது; பிஎச்சையும் இறக்கிவிடும். இரட்டை நட்டம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் டர்பன் காற்றிலுள்ள ஈரம் பாட்டிலின் உள்ளே பனித்துப் படியும். எனவே அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள். பெரிய பாட்டில் வாங்கி ஆறு மாதம் திறந்து மூடுவதைவிட, வாங்கிய அன்றே சிறிய கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, ஆர்கான் அல்லது உலர் நைட்ரஜன் ஊதி மூடி, சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டரில் வைப்பது நல்லது. திறந்த குப்பியை அன்றோடு தூக்கிப்போடுங்கள்.

எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்தான். 10 மைக்ரோகிராம் ஹிஸ்டோன், 20 மைக்ரோலிட்டர் 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட், பிஎச் 8. ட்ரிஸ் கூடாது: அதன் அமைன் தொகுதி அன்ஹைட்ரைடைத் தானே தின்றுவிடும். கலவை: அன்ஹைட்ரைடு ஒரு பங்கு, அசிட்டோநைட்ரைல் மூன்று பங்கு. நான்கு மாதிரிக்கு 6 + 18 மைக்ரோலிட்டர் போதும். நான்குக்கு மேல் ஒரே கலவையில் செய்யாதீர்கள்; எட்டாவது குழாய்க்குப் போகும்போது முதல் குழாய்க்குப் போன அதே கலவையாக அது இருக்காது.

ஒரு குழாய்க்கு 5 மைக்ரோலிட்டர் கலவை. உடனே, மூச்சுவிடும் நேரத்துக்குள், 4 மைக்ரோலிட்டர் அடர் அம்மோனியா. நுரைக்கும், அது கார்பன் டைஆக்சைடு. மூடியை இறுக்கினால் தெறிக்கும், சற்றுத் தளர்த்தி விடுங்கள். அரை மைக்ரோலிட்டரை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 6-க்கு இறங்கியிருந்தால் லைசினில் புரோட்டான் ஏறி வினையே நடக்காது. இன்னும் ஒரு மைக்ரோலிட்டர் அம்மோனியா விடுங்கள். 9-ஐத் தாண்டினால் செரின், த்ரியோனின், டைரோசினிலும் புரோப்பியோனைல் ஏறத் தொடங்கும். அறை வெப்பத்தில் 15 நிமிடம். பிறகு வெற்றிட உலர்த்தியில் 5 மைக்ரோலிட்டருக்கும் கீழே கொண்டுவந்து, 20 மைக்ரோலிட்டருக்கு நிரப்பி, முழுவதையும் இன்னொரு முறை செய்யுங்கள். ஒரே சுற்றில் முடிக்கப் பார்ப்பது பொய்யான சிக்கனம்.

உலர்த்தியின் பம்புக்கு முன்னால் குளிர்ப்பொறி கட்டாயம். அமில ஆவி பம்பு எண்ணெயைச் சில வாரங்களிலேயே கெடுத்துவிடும்.

வெட்டு, இரண்டாம் மூடல், கழுவல்

உலர்த்தியதை 50 மைக்ரோலிட்டர் பைகார்பனேட்டில் கரைத்து, மறுபடி பிஎச் 8-ஆ என்று பார்த்து, 1 மைக்ரோகிராம் ட்ரிப்சின் சேர்த்து 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். வெட்டியபின் ஒவ்வொரு துணுக்குக்கும் புதிய முனை அமைன் ஒன்று பிறந்திருக்கும். அதையும் அதே முறையில் இருசுற்று மூடுகிறோம். துணுக்குகள் நீரை வெறுத்துத் தூணில் நன்றாக ஒட்டும். எச்3-இன் கே4 துணுக்கு (கே என்பது லைசின், எண் அதன் இடம்) அப்படியும் நழுவும், மும்மெத்தில் வடிவம் இன்னும் மோசம். கே4 தான் உங்கள் கேள்வி என்றால், இந்த இரண்டாம் மூடலுக்குப் புரோப்பியானிக் அன்ஹைட்ரைடுக்குப் பதில் பீனைல் ஐசோசயனேட் பயன்படுத்துங்கள், முனையில் 119.0371 டால்டன் ஏறி, துணுக்கு தூணில் தங்கும். அது நச்சு, கையுறையும் ஹூட்டும் இல்லாமல் பாட்டிலைத் தொடாதீர்கள்.

ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலத்தால் பிஎச் 3-க்குக் கீழே இறக்கி, சி18 முனையில் ஏற்றி, 0.1 சதவீத அமிலத்தில் ஒரே ஒரு முறை கழுவி, 60 சதவீத அசிட்டோநைட்ரைலில் இறக்குங்கள்.

ஓட்டம்

75 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சி18 தூண், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம். அசிட்டோநைட்ரைல் 2-இலிருந்து 30 சதவீதத்துக்கு 45 நிமிடத்தில் ஏறி, பிறகு 90-க்கு. ஒரு ஓட்டத்துக்கு 1 மைக்ரோகிராம். முதல் கட்ட அலகீடு 60,000 அல்லது 120,000 பிரிதிறனில். 300 முதல் 1100 வரை 50 அகலத்தில் 16 சாளரங்கள் வைத்து எல்லாவற்றையும் உடைக்கும் டிஐஏ முறை ஹிஸ்டோனுக்கு மிகப் பொருத்தம். ஒரே நிறையுள்ள இரட்டைகள் இங்கே ஏராளம். அவற்றைப் பிரிக்க ஓட்டம் முழுவதும் உடைசல் அயனித் தரவு வேண்டும். ஒரு உச்சிக்கு 8 முதல் 10 புள்ளியாவது விழும்படி சுழற்சி நேரத்தை வையுங்கள்.

9–17 துணுக்கை முதலில் பாருங்கள்

உயிரியல் முடிவுக்குப் போகும் முன் இந்த ஒரு துணுக்கைக் கையால் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு மின்சுமையுடன் அதன் நிறை-மின்சுமை விகிதங்கள்:

மாற்றமில்லாதது 535.3036
கே9 ஒற்றை மெத்தில் 542.3115
கே9 இரட்டை மெத்தில் 521.3062
கே9 மும்மெத்தில் 528.3140
கே9 அசிட்டைல் அல்லது கே14 அசிட்டைல் 528.2958
இரண்டும் அசிட்டைல் 521.2880

507.2905-இல் பெரிய உச்சி நின்றால் ஓர் இடம் மூடப்படவில்லை. 563.3167-இல் நின்றால் செரினிலோ த்ரியோனினிலோ கூடுதலாக ஏறிவிட்டது. மூடாதது 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை எண்ணிக்கையில் சேர்க்காமல் மறுபடி தயாரிப்பதே என் பரிந்துரை. மென்பொருள் ஒரு எண்ணைத் தரத்தான் செய்யும். அது கே9-ஐப் பற்றிய எண்ணா, அன்ஹைட்ரைடு பாட்டிலைப் பற்றிய எண்ணா என்று அது சொல்லாது.

மும்மெத்தில் 42.0470 டால்டன், அசிட்டைல் 42.0106. வித்தியாசம் 0.0364, இரட்டை மின்சுமையில் 0.0182, அதாவது சுமார் 34 பிபிஎம். 60,000 பிரிதிறனில் இது பிரியும், அளவுத்திருத்தம் ஒழுங்காக இருந்தால். 445.1200 பாலிசிலாக்சேன் அயனியைப் பூட்டு நிறையாக, அதாவது ஓட்டத்தின்போதே அளவைத் திருத்தும் குறிப்பு நிறையாக, வைத்துக்கொள்ளுங்கள். வெளிவரும் நேரமும் சாட்சி சொல்லும்: இரட்டை, மும்மெத்தில் வடிவங்கள் முதலில் வரும், பிறகு அசிட்டைல், பிறகு மாற்றமில்லாதது, கடைசியில் ஒற்றை மெத்தில். இந்த வரிசை குலைந்தால் உச்சியைத் தவறாகப் பெயரிட்டிருக்கிறீர்கள். உடைசலில் 126.0913 தெரிந்தால் அசிட்டைல், 59.0735 இழப்புத் தெரிந்தால் மும்மெத்தில்.

கே9 அசிட்டைலும் கே14 அசிட்டைலும் ஒரே நிறை. பிரிப்பது ஒய்4 உடைசல், அதாவது துணுக்கின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள்: 513.3144 என்றால் அசிட்டைல் கே14-இல், 527.3300 என்றால் கே9-இல். மனித செல்களில் கே14 அசிட்டைல் கே9-ஐவிட மிக அதிகம். அதனால் பிரிக்காமல் விட்டால் கே9-இன் கதை முழுக்க கே14-க்குள் மூழ்கிவிடும். 27–40 துணுக்கு இதைவிடக் குறும்பு. கே27 மும்மெத்தில் தனியாக இருப்பதும், கே27 இரட்டையும் கே36 ஒற்றையும் சேர்ந்திருப்பதும், மாற்றிப் போட்டதும் எல்லாம் ஒரே நிறை. எந்தப் பிரிதிறனும் உதவாது, உடைசல்தான் வழி.

இன்னொரு பொறி: புரோப்பியோனைல் ஏறிய ஒற்றை மெத்திலும் இயற்கையான பியூட்டிரைல் மாற்றமும் 70.0419 டால்டன், வேதிவாய்பாடும் ஒன்றே. இயற்கையான புரோப்பியோனைலும் நாம் ஏற்றியதும் அப்படியே. அவைதான் கேள்வி என்றால் டியூட்டீரியம் ஏறிய அன்ஹைட்ரைடு வாங்க வேண்டும்.

எண்ணாக்குதல்

ஸ்கைலைன் அல்லது எபிபுரொஃபைல் மென்பொருள் போதும். ஒவ்வொரு வடிவத்தின் பரப்பையும் அதே துணுக்கின் எல்லா வடிவங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சதவீதம். கே9 அசிட்டைலின் மொத்தத்துக்கு, அது தனியாக உள்ள வடிவத்தையும் கே14 அசிட்டைலோடு சேர்ந்த வடிவத்தையும் கூட்டுங்கள். வடிவங்கள் எல்லாம் ஒரே திறனில் அயனியாவதில்லை. ஆகவே இந்தச் சதவீதங்களை இரு மாதிரிகளுக்கிடையே ஒப்பிடலாம், முழு உண்மை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செயற்கைத் துணுக்குகளால் திருத்தினால் மட்டுமே அது முடியும்.

மொத்தம் எப்போதும் 100 என்பதால் ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே ஆக வேண்டும். வோரினோஸ்டாட் கொடுத்தபின் எச்4-இன் 4–17 துணுக்கில் மாற்றமில்லாத வடிவம் குறைந்தது என்பது தனிக் கண்டுபிடிப்பல்ல. அசிட்டைல் ஏறியதன் நிழல். தரவு நம்பத்தக்கதா என்பதற்கு எச்4-இன் கே20 நல்ல அளவுகோல்: மனித செல்களில் இரட்டை மெத்தில்தான் பெரும்பான்மை. அது அப்படி வரவில்லை என்றால் மருந்தைப் பாராட்டும் முன் தூணைச் சந்தேகியுங்கள்.

ஒரே நபரின் மருந்து கொடுத்த, கொடுக்காத மாதிரிகளை ஒரே நாளில், ஒரே அன்ஹைட்ரைடு குப்பியில் மூடுங்கள். நபர்கள் குறைந்தது ஐந்து. வெள்ளணுக்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். இந்த முறை மரபணுத்தொகுதி முழுவதன் சராசரியைத்தான் தரும். எந்த மரபணுவின் மேல் மாற்றம் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு சிப்-செக் வேண்டும்.

லோட்ஷெடிங் நாட்களில்

தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டைப் பற்றி எழுதாமல் எந்த நெறிமுறையும் முழுமையாகாது. மின்சாரம் போனால் டர்போ பம்புகள் நிற்கும், வெற்றிடம் போகும். ஆர்பிட்ராப் மீண்டும் வேலைக்குத் தயாராக, பம்பு ஓடி, சூடாக்கி உலர்த்தி, அளவுத்திருத்தம் முடிய, குறைந்தது ஓர் இரவு வேண்டும். யுபிஎஸ்ஸில் கருவியை மட்டும் இணைத்துவிட்டு முன்வெற்றிடப் பம்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வரும்வரை யுபிஎஸ் தாங்குமா என்று உண்மையான சுமையோடு சோதியுங்கள். தாங்காது என்றால், அறிவிக்கப்பட்ட வெட்டுக்கு முன்பே முறையாக நிறுத்துவது மேல்.

இரண்டு மணி நேர வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தால் அதற்கு முன் புரோப்பியோனைலேற்றத்தைத் தொடங்காதீர்கள். நடுவில் நின்ற உலர்த்தியில் மாதிரி மிச்ச அன்ஹைட்ரைடோடும் அமிலத்தோடும் ஊறும், பம்பு எண்ணெயும் பின்னோக்கி ஏறலாம். ட்ரிப்சின் வெட்டை விடலாம். தண்ணீர் தொட்டியின் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும், இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டினால் சரியாகிவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை மட்டும் கருவியில் ஏற்றும் குப்பியில் வைத்து, மீதியை உலர்த்தி மைனஸ் 80-இல் வையுங்கள். மைனஸ் 80 பெட்டி நிரம்பியிருந்தால் குளிர் நெடுநேரம் தங்கும். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்குங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் கடையில் கிடைக்கும் கன்றுத் தைமஸ் ஹிஸ்டோனை 10 மைக்ரோகிராம் எடுத்து ஒரு குழாயில் சேர்த்தே ஓட்டுங்கள். அதன் 507.2905 உச்சியின் பங்கைத் தேதியோடும் குப்பி எண்ணோடும் சுவரில் ஒட்டிய தாளில் குறித்துவாருங்கள். அந்தக் கோடு மேலே வளையத் தொடங்கினால் புதுப் பாட்டில் வாங்க வேண்டிய நேரம்.